பெர்சிமன் மரம் உதிர்த்த பற்கள்

மேபெரி வீட்டுக் கொல்லையில் நின்ற பெர்சிமன் என்ற பழமரம், அந்தக் குடும்பத்தின் கூலியில் வருடம் முழுவதும் வரியாகக் கூடுதலாகப் பிடிக்கப்பட்டதை ஒவ்வொரு பிப்ரவரியும் இரண்டாம் வாரத்தில் காய்த்துக் கொடுத்தது. 1986இல் சலவை இயந்திரம் ஒன்று தாழ்ந்த கிளையில் பழுத்து இறங்கியது. பிசினைத் துடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த வருடம் மூன்று பிள்ளைகளுக்கும் குளிர்காலக் கோட்டு, அதற்கடுத்த வருடம் லாரிக்கு நான்கு டயர். மிசிசிப்பியில் கிளேட்டன் வளைவு என்ற ஊரைச் சேர்ந்தவர்கள் இதைப் பெரிதாகப் பேசியதில்லை. பிப்ரவரியில் எல்லோர் வீட்டிலும் ஏதாவது வரத்தான் செய்தது.

காய்ப்பு பெரிதாக இருக்க வேண்டுமென்றால் பிடித்தமும் பெரிதாக இருக்க வேண்டும். அதனால் கெளுத்தி மீன் ஆலையில் வேலை செய்தவர்கள் வரிப் படிவத்தில் தங்களை நம்பியிருப்பவர் யாருமில்லை என்று எழுதுவது வழக்கம். ஆலைக் கணக்கர் யூனிஸுக்கு இது ஒவ்வொரு வருடமும் வயிற்றெரிச்சல். "வீட்ல அஞ்சு உசுரு இருக்கு, பூஜ்யம் போடச் சொல்றியே வெர்லீன்! அரசாங்கம் உனக்கு மாமனா மச்சானா, வட்டியில்லாம கடன் குடுக்க?" என்று கேட்டாள். "மாமன் மச்சானுக்குக் குடுத்தா திரும்பி வருமா? இவங்ககிட்ட இருந்தாவது பிப்ரவரியில வருது. என் கையில குடுத்தா திங்கக்கிழமை தாங்காது. பூஜ்யமே போடு" என்றாள் மேபெரி வீட்டு வெர்லீன்.

1993ஆம் ஆண்டின் காய்ப்பு ஓடெலுக்கு என்று முடிவாகியிருந்தது. வெர்லீனின் கணவர் ஓடெல் மேபெரி இருபது வருடம் தேவாலயப் பாடகர் குழுவில் முதல் குரல். ஈறு நோயில் பல் முழுவதும் போன பிறகு, இயேசு என்று பாட வாய் திறந்தால் காற்று சீழ்க்கையடித்தது. ஆலையில் அவரைக் கொதிக்கிற கெண்டி என்று கூப்பிட்டார்கள், அதற்குச் சிரித்துக்கொண்டார். ஆனால் ஒரு ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு வீட்டிலும் பாடவில்லை. வெர்லீனுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்குள் அவருக்குப் பல் செட் என்று மரத்தின் அடியில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

1992 மார்ச்சில் அரசாங்கத்தில் வரிப் பிடித்தத்தைக் குறைத்தார்கள். வரி குறையவில்லை, பிடிப்பதைத்தான் குறைத்தார்கள். இப்போது கையில் கொடுத்தால் ஜனங்கள் செலவு செய்வார்கள், வியாபாரம் ஓடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஓடெலின் கூலியில் வாரத்துக்கு ஆறு டாலர் கூடியது. அந்த வெள்ளிக்கிழமை மதியமே மரத்திலிருந்து ஒரு பல் உதிர்ந்தது. பால் கட்டிய சோளமணி மாதிரி, அழுத்தினால் குழையும் பதத்தில் இருந்தது. வெர்லீன் அதை ஒரு கோப்பையில் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்தாள், மறுநாள் காணோம். பிஞ்சில் விழுந்தது கரைந்துவிட்டது என்று நினைத்தாள். வாரம் ஒன்றாக உதிர்ந்தது, வாரம் ஒன்றாகக் கரைந்தது. இதற்கிடையில் ஓடெல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஆறு டாலருக்குப் பெட்ரோல் நிலையத்துக் கடையிலிருந்து, சோளத்தோகையில் சுற்றி அவித்த காரமான டமாலே ஒரு டஜன் வாங்கி வரத் தொடங்கியிருந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று போக மிச்சம் வெர்லீனுக்கு. அவரால் மெல்ல முடியாது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூன் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, நான்காவது டமாலேயைக் கடித்தபோது வெர்லீன் தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். கோப்பையில் கிடந்த பல் சிறுத்தது. இன்னொரு வாய் மென்றாள். இன்னும் சிறுத்தது.

"உனக்குத் தெரியுமா இது?" என்றாள்.

"மூணாவது வாரத்துலேருந்து தெரியும்."

"அடப்பாவி மனுசா! பதினாறு பல்லு! அத்தனையும் என் வாயில போட்டியா?"

"நாள் பூரா நின்னு மீன் அறுத்துட்டு வர்றே. இந்த அரை மணி நேரந்தான் உக்காந்து, ருசிச்சுச் சாப்பிடுறே. அதப் பாக்குறதுக்குப் பல்லு எதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் அவரோடு பேசவில்லை. திங்கட்கிழமை யூனிஸிடம் போனாள். வேண்டுமானால் பழையபடி கூட்டிப் பிடிக்க ஒரு படிவம் இருக்கிறது என்றாள் யூனிஸ். "வேணாம். நான் தின்ன பல்லு. என் கையாலேயே சேத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு வெர்லீன் மீன் மேசைக்குத் திரும்பினாள்.

அதன்பிறகு ஆறு டாலர் வெள்ளிக்கிழமையன்று காப்பித்தூள் டப்பாவுக்குப் போனது. ஞாயிறு விடியும்போது டப்பா காலியாக இருக்கும், பல் கெட்டியாகியிருக்கும். சின்னவளுக்கு ஐஸ்கிரீம் கேட்டு அழுகை வந்தது, மின்சாரக் கட்டணம் வந்தது. டப்பாவை யாரும் தொடவில்லை. செப்டம்பரில் வெர்லீனின் பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. ஓடெல் கேட்காமலே பொட்டலத்தோடு வந்து நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். அந்தப் பல்லை அவள் தெரிந்தே, மெதுவாக, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டாள்.

நவம்பரில் மரம் இலை கொட்டியபோது கோப்பையில் இருபத்தொரு பல் இருந்தது. அடுத்த பிப்ரவரியில் ஒரு ஜோடி காலுறை மட்டும் காய்த்தது. பல் மருத்துவர் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்வரிசைக்குப் போதும், கடைவாயில் ஏழு இடம் காலியாக இருக்கும் என்றார். பல்லைக் கட்டும் கம்பிக்கும் கூலிக்கும் மட்டும் கட்டணச் சீட்டெழுதினார்.

ஈஸ்டர் அன்று ஓடெல் முதல் வரிசையில் நின்று பாடினார். இயேசு என்ற சொல் முழுசாக வந்தது. வெர்லீன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பற்கள் இன்றும் நன்றாக உழைக்கின்றன. அக்டோபரில் பெர்சிமன் பழுக்கும்போது அவையும் லேசாகச் சிவந்து இனிப்பேறும். அந்த ஒரு மாதம் வெர்லீன் அவருடைய காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை.