அனுசுயா முறுக்கிய கயிறு

முத்தமிழ்செல்வன் விடிவதற்கு முன்பே எழுந்தான். பல் துலக்கினான். கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டான். சாணியை வாரிக் குப்பையில் கொட்டினான். கறவை மாடுகளுக்குத் தவிடு கரைத்து வைத்தான். சோளத்தட்டையை நறுக்கிப் போட்டான். மூலையில் கட்டியிருந்த கிடேரிக் கன்றின் முன்னால் தண்ணீர் வாளியை வைத்தான். அது கழுத்தை மடக்காமல், முன்னங்கால்களை அகட்டி, உடம்பையே கீழே இறக்கிக் குடிக்கப் பார்த்தது. பாதியில் விட்டுவிட்டது. மீதித் தண்ணீரைப் பசுவுக்கு ஊற்றினான். கை கழுவிக்கொண்டு வந்து டீ குடித்தான். அதில் சர்க்கரை போட மறந்துவிட்டதாக அம்மா வந்து சொன்னபோது டம்ளர் காலியாகியிருந்தது.

"ஏன்டா, குடிக்கறப்ப தெரியலையா?"

"தெரியல."

ஐப்பசியிலிருந்து இப்படித்தான். இப்போது மாசி.

செந்துறையிலிருந்து வரும் டவுன் பஸ் திரும்பிப் போகிற ஊர் அது. அப்பா பிச்சைமுத்துவும் சித்தப்பா வீரமுத்துவும் பாகம் பிரிக்காத குடும்பம். முந்திரிக்கொல்லை, மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள். போன வருடம் அந்த வீட்டுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டியது. சித்திரையில் போட்ட போர் தண்ணீர் கொடுத்தது. ஆடியில் படைப்புழு விழுந்து மக்காச்சோளம் போயிற்று. மார்கழியில் மூத்த மருமகள் ஜோதி அண்ணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நடுவில், ஐப்பசி மழையில், முத்தமிழ்செல்வனின் மனைவி அனுசுயா காய்ச்சலில் படுத்தாள். ஆம்புலன்ஸில் அரியலூருக்குப் போனாள். அங்கிருந்து தஞ்சாவூர். கண் திறக்காமலே திரும்பி வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம்தான்.

அவன் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். கெமிஸ்ட்ரி படித்தவன். அவள் படுத்ததும் லீவு போட்டு வந்தான். காரியம் முடிந்தும் திரும்பப் போகவில்லை. ஜோதி அண்ணி பிரசவத்துக்குத் தாய் வீடு போனதால் கொட்டகையை யாராவது பார்க்க வேண்டியிருந்தது. அவன் பார்த்தான். பார்த்தான் என்றால் வேலையைச் செய்தான். எந்த மாட்டையும் தொட்டுத் தடவவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் ஒன்றைக் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? அம்மா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். "வண்டியில ஏத்துறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு, 'அவரப் பாத்துக்குங்க அத்தை'ன்னா." கேட்டவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது நடந்ததாகிவிட்டது.

அனுசுயா உண்மையில் சொன்னது கொட்டகை வேலை ஒன்று. சொன்னதும் அவனிடம்தான். பிறகு அவள் பேசவே இல்லை. கேட்டால் யாருக்கும் அழுகை வராத பேச்சு. அதனால் அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வேலையைச் செய்யவும் இல்லை. ஆம்புலன்ஸ் கதவை அறைந்து சாத்தியதோடு அதுவும் எங்கோ போய்விட்டது.

கிடேரியின் பெயர் சிட்டு. அனுசுயா வளர்த்தது. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற வீட்டிலிருந்து வந்தவள் அவள். மாடு வளர்த்துப் பழக்கமில்லை. இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். போன மாசியில், கால்நடை முகாமில் நடக்கிற கன்றுக் கண்காட்சிக்குச் சிட்டுவைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்போது அது பால்குடி மறக்காத கன்று. வருடா வருடம் முதல் பரிசு வாங்குகிற காசிநாதன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, ஆட்டுக்குட்டிய கூட்டியாந்திருக்க? இது கன்னுக்குட்டிப் போட்டி."

"வர்ற வருசம் பாருங்க. எங்க சிட்டுக்குப் பக்கத்துல நிக்க உங்க கன்னு கூச்சப்படும்."

கூட்டமே சிரித்தது. ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். முத்தமிழ்செல்வன் டீ குடித்தது அதில்தான்.

நாளைக்கு மறுபடி முகாம். இந்த வருடம் சிட்டுவை நிறுத்தியே தீர வேண்டும் என்று தம்பி திருமுருகன் ஒற்றைக்காலில் நின்றான். அனுசுயா அண்ணி சொன்ன சொல் இருக்கிறது என்றான். யாரும் மறுக்கவில்லை.

அன்று பிற்பகல் திருமுருகன் போர் மோட்டாரைப் போட்டு, வைக்கோல் பிரியைச் சுருட்டி, சிட்டுவைத் தேய்த்துக் குளிப்பாட்டினான். கழுத்துக்குப் போனதும் அது துள்ளி விலகியது. மறுபடி கை வைத்தான். காலால் உதைத்தது.

"அண்ணே, இங்க வாயேன். என்னமோ நாத்தம் அடிக்குது."

முத்தமிழ்செல்வன் போனான். கழுத்தில் கயிறு இருந்தது. மேலே முடிச்சு மட்டும் தெரிந்தது. சிவப்பும் பச்சையுமாக நைலான் இழைகளை முறுக்கி, ஆவணியில் அனுசுயா கட்டிய கயிறு. முடிச்சுக்குக் கீழே கயிற்றைக் காணவில்லை. முடியை விலக்கினான். தோல் கயிற்றை விழுங்கியிருந்தது. தாடைக்குக் கீழே, தொங்கும் மடிப்புக்குள், சீழ் கோத்திருந்தது. அதில் ஏதோ நெளிந்தது.

"புழு வச்சிருக்கு" என்றான் திருமுருகன்.

காலையில் அது தண்ணீர் குடித்த விதம் முத்தமிழ்செல்வனுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றும் அப்படித்தான் குடித்தது. அதற்கு முன்னாலும்.

வீடே கொட்டகையில் கூடிவிட்டது. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் அந்த ஊரில் மாடு கன்றுகளுக்குக் கயிறு மாற்றுவார்கள். பழசை அறுத்தெறிந்து, வளர்ந்த கழுத்துக்குத் தகுந்தாற்போல் புதுசு போடுவார்கள். இந்தத் தையில் இந்த வீட்டுக்குப் பொங்கல் இல்லை. சாவு விழுந்த வருடம். தெருவே கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தபோது இவர்கள் வாசல் தெளிக்காமல் இருந்தார்கள். விவரம் தெரியாமல் திருமுருகன் செந்துறையில் கயிறுகள் வாங்கி வந்திருந்தான். "வருசம் திரும்பாம புதுக்கயிறு போடக்கூடாதுடா" என்றாள் அம்மா. சிட்டுவுக்காவது மாற்றட்டுமா என்று அவன் இழுத்தான். "அது அவ கையால கட்டுனது. கெடக்கட்டும்" என்றாள். எல்லாரும் முத்தமிழ்செல்வனைப் பார்த்தார்கள். அவன் தலையை நிமிர்த்தாமல் "கெடக்கட்டும்" என்றான். அந்தப் புதுக் கயிறுகள் இன்னும் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நான் இருந்திருந்தா தெனம் கழுத்தத் தடவிப் பாத்திருப்பேன்" என்றாள் தாய் வீட்டிலிருந்து திரும்பியிருந்த ஜோதி அண்ணி, தோளில் பிள்ளையோடு. சொன்ன பிறகு கொழுந்தன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திருமுருகன் கத்தியை எடுத்தான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வைக்காதடா. அங்கதான் பெரிய ரத்த நரம்பு ஓடுது. அறுபட்டா நிமிசத்துல போயிடும்."

அம்மா புழு சாகக் கற்பூரத்தைப் பொடித்து வந்து புண்ணில் வைத்தாள். சிட்டு தலையை உதறிக்கொண்டு கத்தியது. முத்தமிழ்செல்வன் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான்.

"காய்ச்சல் இருக்கா?" என்றார் டாக்டரம்மா.

அவன் அதன் காதைத் தொட்டான். ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவை. கொதித்தது.

"இருக்குங்க மேடம்."

"நான் இப்ப ஜெயங்கொண்டம் பக்கம் இருக்கேன். நீங்க கயித்துல கை வைக்காதீங்க. காலையில முகாமுக்கே கொண்டாந்துடுங்க. முதல்ல அதப் பாத்துட்டுத்தான் மத்தது. ராத்திரிக்குத் தண்ணிய மட்டும் வாய்கிட்ட தூக்கிக் காட்டுங்க."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அங்க வேணாம்டா தமிழு. ஊரே கூடி நிக்கும். அவ போன பொறவு கன்னுக்குட்டியப் பாக்கக்கூட வூட்ல நாதியில்லன்னு பேசுவாங்க."

"பேசட்டும்மா. உண்மைதான."

அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இவ்வளவு பேசிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

வாளியை அவன் தூக்கிப் பிடித்தான். சிட்டு நாக்கை நனைத்தது. விழுங்கவில்லை. கொட்டகையிலேயே சாக்கை விரித்துக்கொண்டான். கண் அயர்ந்தபோதெல்லாம் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டதோ என்று எழுந்து பார்த்தான்.

விடிந்ததும் குட்டியானை லோடு வண்டி வந்தது. ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏறியதும் சிட்டு மடங்கிப் படுத்துக்கொண்டது. படுத்த மாடு எழாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. அம்மாவும் திருமுருகனும் டிரைவரோடு முன்னால் உட்கார்ந்தார்கள். முத்தமிழ்செல்வன் பின்னால் ஏறி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸில் அவனுக்கு முன்பக்கம்தான் இடம் கிடைத்தது.

"பள்ளம் பாத்துப் போங்கண்ணே" என்று டிரைவரிடம் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னான்.

"உருட்டிக்கிட்டுதான் போறேன் தம்பி. இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்."

முகாம் பால் சொசைட்டிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில். கன்றுகள் குங்குமமும் சலங்கையுமாக வரிசை கட்டி நின்றன. காசிநாதன் தன் கிடேரிக்கு ஜரிகைத் துண்டு போர்த்தியிருந்தார். குட்டியானையைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"என்ன தமிழு, ராணியம்மாவ வண்டி வச்சுக் கூட்டியாந்திருக்க? நடந்தா கால் தேஞ்சிடுமா?"

கிட்டே வந்தவர் வாடையை முகர்ந்தார். பின்பலகையைத் திறந்ததும் பார்த்தார். சிரிப்பு நின்றது. தன் கன்றின் கயிற்றைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எறக்குங்கடா. பின்னங்கால நான் புடிச்சுக்கறேன்."

மரத்தடியில் தார்ப்பாய் விரித்துக் கிடத்தினார்கள். டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டார். ஒரு விரலால் புண்ணின் ஓரத்தை நீவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நைலான். நார்க்கயிறா இருந்தா மக்கி அறுந்திருக்கும். தலைய யாரு புடிக்கறது?"

"நான்" என்றான் முத்தமிழ்செல்வன்.

"அசையக்கூடாது. ரத்தக்குழாய ஒட்டிக் கெடக்கு."

அவன் மண்டியிட்டுக் கொம்படியையும் தாடையையும் சேர்த்து அணைத்துக்கொண்டான். கத்தரி உள்ளே போனது. ஓர் இழை வந்தது. பிறகு இன்னொன்று. மைக்கில் கிடேரிப் பிரிவுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். காசிநாதன் பெயரையும் கூப்பிட்டார்கள். காலை விட்டுவிட்டு அவர் போகவில்லை. சட்டென்று ரத்தம் பீறிட்டது. டாக்டரம்மா பஞ்சை வைத்து அழுத்தினார். முத்தமிழ்செல்வன் அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். "இரு, இரு" என்றுதான் காசிநாதனுக்குக் கேட்டது.

பஞ்சை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. அறுபட்டது பெரிய குழாய் இல்லை.

கடைசித் துண்டு முடிச்சோடு வந்தது. டாக்டரம்மா புண்ணைக் கழுவி, மருந்து அடைத்து, இன்னும் இரண்டு ஊசி போட்டார்.

"பொழச்சிக்குமா மேடம்?"

"எந்திரிச்சு, குனிஞ்சு தண்ணி குடிக்கட்டும். அப்புறம் பேசலாம்."

காத்திருந்தார்கள். மைக் யார் யாருக்கோ பரிசு கொடுத்தது. வெயில் மரத்தடி வரை வந்தது. திருமுருகன் தரையில் வாளியை வைத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சிட்டு முன்னங்காலை ஊன்றியது. சரிந்தது. காசிநாதன் பின்னால் முட்டுக் கொடுத்தார். மறுபடி ஊன்றி நின்றது. ஆடியது. வாளியைப் பார்த்தது. பிறகு கழுத்தை மடக்கி, மூக்கு முழுக, சத்தம் போட்டுக் குடித்தது.

"ஒரு வாரம் தெனம் கட்டு மாத்தணும்" என்றார் டாக்டரம்மா. "கொண்டு வாங்க. காப்பாத்திடலாம்."

அம்மா தார்ப்பாயில் கிடந்த கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கி, ரத்தத்தோடு முந்தானையில் முடிந்தாள். அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் பேச்சைத் தொடங்கினாள்.

"எம் மருமவ கட்டுனதும்மா. தங்கம். போறப்பகூட என் கையப் புடிச்சிக்கிட்டு, அவரப் பாத்துக்குங்க..."

"அப்படிச் சொல்லலம்மா" என்றான் முத்தமிழ்செல்வன்.

அவன் கை இன்னும் சிட்டுவின் நெற்றியில் இருந்தது. அம்மா முந்தானை முடிச்சோடு திரும்பினாள்.

"பின்ன என்னடா சொன்னா?"

அவன் சொன்னான். அவள் சொன்ன மாதிரியே, ஒரு சொல் விடாமல்.

"மாமா, சிட்டு கழுத்து பெருத்துக்கிட்டே வருது. அந்தக் கயித்தக் கொஞ்சம் தளத்திக் கட்டிடுங்க."