அப்பாவின் தாடி

அப்பாவின் கன்னத்தில் நுரையை அப்பிவிட்டு, கத்தியை எங்கிருந்து இழுப்பது என்று தெரியாமல் திணறினாள் அக்கா. மாதக்கணக்கில் வளர்ந்த தாடி. முதல் இழுப்பிலேயே முடி சிக்கி, தலை அவள் கையோடு திரும்பியது. காலையில் காப்பி கேட்ட அப்பா, காப்பி வருவதற்குள் போய்விட்டார். தெருமுனைச் சலூன்காரரோ, "உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா பண்ணுவேன்" என்று நழுவிவிட்டார்.

வீட்டிலேயே ஒரு சலூன்காரன் இருந்தான். அவள் தம்பி, கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். ஒரு காலத்தில் அவன் நாற்காலிக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. மனநோய் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, மாத்திரையில் தெளிந்து திரும்பியபோது கடை முதலாளியே வீடு தேடி வந்து கூப்பிட்டார். டாக்டரும் போகச் சொன்னார். இவன்தான் போகவில்லை.

"பைத்தியக்காரன் கையில கத்தி இருந்தா எவன் கழுத்த நீட்டுவான்?" என்றான் அக்காவிடம்.

"யாருடா அப்படிச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியாதா?"

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். அன்றிலிருந்து ஒரு வெங்காயம் நறுக்கியதில்லை. அக்காவின் குழந்தை தவழ்ந்து வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்பா சொல்லிப் பார்த்துவிட்டுத் தாடி வளர்த்தார். மழிக்காமல் வாசற்படி தாண்டாத மனிதர், படுக்கையில் விழுந்த பிறகு வேறு யாரையும் முகத்தில் கைவைக்க விடவில்லை. "வாடா, வந்து வழிச்சு விடு. ஒரு காது போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல" என்று நேற்றுகூடச் சிரித்தார். தம்பி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கை நடுங்கும்ப்பா."

நடுங்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது வண்டி வரும் நேரம். "இப்படியே அனுப்ப வேண்டியதுதான்" என்று கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழக்கூட அசதியாக இருந்தது.

"முதல்ல கத்திரிக்கோலால குறைக்கணும்க்கா" என்றான் தம்பி, நின்ற இடத்திலிருந்தே.

"நீயே குறை."

அவன் அப்பாவின் முகத்தையே பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"இப்ப நான் வெட்டிட்டாலும் அவருக்கு வலிக்காதுல்லக்கா?"

உயிரோடு இருக்கும்போதே செய்திருக்கலாமேடா பாவி என்று தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"வலிக்காதுடா."

கத்திரிக்கோல் சரசரவென்று ஓடியது. பிறகு புதிதாக நுரை போட்டான். இடது கை தோலை இழுத்துப் பிடிக்க, வலது கை கத்தியைச் சாய்த்துப் பிடித்தது. விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மூக்கு நுனியைத் தூக்கி மேலுதட்டை வழித்தான். தாடையை நிமிர்த்திக் கழுத்தை வழித்தான். ஒரு கீறல் இல்லை. தாடிக்குள்ளிருந்து அப்பா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தான். கிருதா இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பிறகு சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து, கடையில் எல்லாருக்கும் பிடிப்பதுபோல அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ கூப்பிட்டார்கள். அவன் கண்ணாடியை இறக்கவில்லை.