ராயப்பராஜை விடக்கூடாது

மலையடி ஸ்டார்ஸ் கால்பந்து கிளப்பில் யாரைச் சேர்க்கலாம், யாரை அனுப்பலாம் என்று அழகுராஜாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் சொல்லாமல் விடுகிற ஆளா அவர்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் மெஷின் ஓடுகிற நேரத்தைவிட அவர் வாய் ஓடுகிற நேரம்தான் அதிகம். ரசிகர்களின் வாட்ஸப் குரூப்பில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வாய்ஸ் நோட் போட்டுக் கிளப் செயலாளர் நாச்சிமுத்துவை வறுத்தெடுப்பார். "போன சீசன்ல ஃபார்வர்ட விட்டீங்களே, இப்ப கோல் அடிக்க உங்க மாமனாரா வருவாரு?"

ஜூலையில் கோல்கீப்பர் ராயப்பராஜுக்குக் கோயம்புத்தூர் கிளப் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஆட்டக்காரன் கிளப் மாற வேண்டுமென்றால் பழைய கிளப்பின் செயலாளர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். என்ஓசி என்பார்கள். அந்தப் படிவத்தை டைப் அடிக்க அவன் வந்து நின்றது அழகுராஜாவின் கடையில்தான்.

"அண்ணே, நீங்க குரூப்புல ஒரு வார்த்தை சொல்லுங்க. நாச்சிமுத்தண்ணன் உங்க வாய்க்குத்தான் பயப்படுறாரு. எனக்கு இது ஒண்ணுதாண்ணே சான்ஸு."

"உன்ன அனுப்பிட்டு நாங்க என்ன பண்ண?"

"உங்க செழியன் இருக்கானேண்ணே."

"யாரு, எம்மவனா? அவன் பந்து வந்தா கண்ண மூடுற பய. போப்பா, போயி பிராக்டிஸப் பாரு."

பெற்ற மகனைப் பற்றி இப்படிப் பேசுகிறோமே என்ற கூச்சம்கூட இல்லை. முதலில் நான் ரசிகன், அப்புறம்தான் அப்பன் என்று பெருமை வேறு! அன்றைக்கே குரூப்பில் முழங்கினார்: "ராயப்பராஜை விடக்கூடாது. விட்டால் கிளப்பைப் பூட்டிவிட்டுப் போங்கள்." நூறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நாச்சிமுத்து கையெழுத்துப் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து, சிறுமலை இறக்கத்தில் பைக் சறுக்கி ராயப்பராஜ் செத்துப்போனான். கையெழுத்துக் கிடைத்திருந்தால் அன்று அவன் கோயம்புத்தூரில் இருந்திருப்பான். அடக்கத்தின்போது அழகுராஜா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

வேறு ஆள் இல்லாததால் பத்தொன்பது வயது செழியன் கோலில் நின்றான். மாவட்டக் கோப்பைப் போட்டியில் கன்னிவாடி டீமோடு முதல் ஆட்டம். மேல் மூலைக்குப் போன பந்து அவனுக்கு எட்டவே எட்டாது. எட்டியது. யாரோ தூக்கிவிட்டதுபோல எழும்பி இடது கையால் தட்டிவிட்டான். செழியன் வலது கைக்காரன். இடது கைக்காரன் ராயப்பராஜ்.

நான்கு ஆட்டம் ஆடியும் ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. அழகுராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வெளிய இருந்து கீப்பர எடுக்கச் சொன்னவங்கல்லாம் எங்க? எம்மவன பாருங்கய்யா!" என்று குரூப்பில் ஒரே அலப்பறை.

வீட்டில் மனைவி மணிமேகலைதான் முதலில் கவனித்தாள். "ஏங்க, பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான். சோத்துல இடது கையக் கொண்டு போறான். எனக்குப் பயமா இருக்குங்க." அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அரையிறுதி முடிந்த சாயங்காலம் செழியன் கடைக்கு வந்தான். இரண்டு மணிக்கட்டையும் நீட்டினான். நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் அழுந்திய தடம், இரண்டிலும் கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"நான் பாயலப்பா. பின்னாடி நின்னு கையப் புடிச்சு இழுக்குறாரு. சில்லுனு இருக்கு. மொதல்ல ஆட்டம் முடிஞ்சதும் விட்ருவாரு, இப்ப விட மாட்டேங்குறாரு. ராயப்பண்ணன்தாம்ப்பா. அவரு இன்னும் நம்ம கிளப்புலதான இருக்காரு? கையெழுத்து வாங்கிக் குடுங்கப்பா, அவரு போகட்டும்."

அழகுராஜா அந்தத் தடங்களைத் தொட்டுப் பார்த்தார். மகன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. தெரிந்தும் அந்தப் பாவி மனிதர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஞாயித்துக்கிழமை ஃபைனல் அப்பு. ஃபைனலுக்கு முன்னாடி எந்தக் கிளப்பாச்சும் கீப்பர விடுமா? திங்கக்கிழமை நானே வாங்கித் தாரேன்."

செழியன் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டான். "அதுவரைக்கும் நான் தாங்கணுமேப்பா" என்றான்.

ஃபைனல் பெனால்டி வரை போனது. மூன்றை இடது கையால் தடுத்தான். பதினோரு வருடத்துக்குப் பிறகு கோப்பை! அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் ஆடியது. அழகுராஜா தொண்டை கிழிய "செழியா! செழியா!" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. எவனோ ஒருத்தன் விளையாட்டாக "ராயப்பா!" என்று கத்தினான். அதற்குத் திரும்பிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் நாச்சிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"செத்தவனுக்கு எதுக்குய்யா என்ஓசி?"

"கேக்காதீங்கண்ணே. போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கையெழுத்தும் முத்திரையும் விழுந்த காகிதத்தைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய், ராயப்பராஜின் சிலுவைக்கு அடியில் கல் வைத்து மூடினார். "போயிட்டு வாப்பா. புத்தி கெட்டுப்போயி தடுத்துட்டேன், மன்னிச்சுரு" என்று வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. மகனுக்குப் பிடிக்குமே என்று வழியில் அரைக் கிலோ மட்டன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வாசலில் மணிமேகலை வெளிறிப்போய் நின்றாள். உள்ளே செழியன் பையில் பூட்ஸையும் கிளவுஸையும் அடுக்கிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் ஒரு தடமும் இல்லை.

"எங்க கெளம்பிட்ட அப்பு?"

"கோயம்புத்தூருக்குண்ணே" என்றான் அவன், பணிவாக. "காயிதம் கெடச்சிருச்சு. இப்பவாச்சும் மனசு வந்துச்சே, ரொம்ப நன்றிண்ணே."

அழகுராஜா அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "செழியா, நாந்தான்டா அப்பா! அப்பா பேசுறேன்டா!"

அவன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"செழியன் கிரவுண்டுல கோல்ல நிக்கிறாண்ணே. நேத்து ஆட்டம் முடிஞ்சும் அவன் வெளிய வரல."

மணிமேகலை புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "எம்புள்ள எங்க? சொல்லுங்க, எம்புள்ள எங்க?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டவன் அவள்மேல் இடித்துவிடாமல் ஒதுங்கி, படியிறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.