பக்கத்து வீட்டுத் தேனீ

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘சாலாக் செலாத்தானில் சுபா என்றொருத்தி...’

இப்படித்தான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். சுபா என்று யாருமில்லை. நான்தான்.

2

பக்கத்து வீட்டு விஷ்ணுப்ரியாவும் நானும் ஒரே ஞாயிற்றுக்கிழமை தேனீக்களுக்கு வீடு செய்தோம். தேனடை கட்டாமல் தனியாக முட்டையிடும் சாதி. வந்தால் தோட்டத்தில் காய் நன்றாகப் பிடிக்கும். நான் முறைப்படி செய்தேன். பின்பக்கம் கணு உள்ள மூங்கில் துண்டுகள், உப்புத்தாளால் தேய்த்த வாய், காலை வெயில் படும் சுவர், மழைக்குத் தகரக் கூரை. அவள் மிச்ச மூங்கிலைப் பால்மாவு டின்னில் திணித்துக் கம்பியால் கட்டினாள்.

மூன்றாம் வாரம் அவள் டின்னில் ஐந்து துண்டுகளின் வாய் இலையால் அடைபட்டிருந்தது. என் பெட்டியில் ஒரு பல்லி.

(அந்த இலை என் ரோஜாவுடையது. தேனீ அதை வட்ட வட்டமாக நறுக்கி எடுத்துப்போய், அவள் டின்னில் முட்டையிட்டுக் குடியேறியிருக்கிறது. இந்த வரியைப் பத்து முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.)

3

அவள் போர்ட் கிள்ளானுக்குப் பகல் ஷிஃப்ட் போயிருந்த வியாழக்கிழமை, வேலிக்கு மேலே கைநீட்டி, அடைபட்ட ஒரு துண்டை உருவி...

இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் ஆயிற்று. உருவி, என் பெட்டியில் செருகிக்கொண்டேன்.

மாலையில் வந்து பார்த்தவள் கத்தினாள்.

“அக்கா! உங்களுக்கும் வந்திருச்சு லா!”

“ஆமா.”

“என்னதுல ஒன்னு காணோம். காக்கா இழுத்துட்டுப் போயிருக்கும். பரவால்லக்கா, உங்களுக்கு வந்துச்சே, அது போதும்!”

பெட்டிக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்துப் படமெடுத்தாள். சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன்.

(இங்கே ‘குற்றவுணர்ச்சி’ என்று எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் பொய். அவள் மனசு அவ்வளவு விசாலமாக இருந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.)

4

முடிவு ஒன்று: துண்டைத் திருப்பி வைக்கப் போகிறேன், அவள் பார்த்துவிடுகிறாள். ரொம்ப நாடகம்.

முடிவு இரண்டு: குஞ்சுத் தேனீ வெளியே வருகிறது, நான் அழுது திருந்தி... வேண்டாம். நான் அழவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இன்று காலை நான் எழுதுவதை வேலியோரம் நின்று பார்த்தாள்.

“புதுக் கதையாக்கா? முடிச்சதும் குடுங்க. நான்தான் ஃபர்ஸ்ட் படிப்பேன்.”

“சரி ப்ரியா” என்றுவிட்டேன்.

ப்ரியா, இதைப் படிப்பது நீயென்றால் வந்து கதவைத் தட்டு. முடிவு உன்னுடையது.

வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால், நான் இன்னும் அவளிடம் கொடுக்கவில்லை.