குழந்தையின் வலது கை

தோணிக்காரன் மூன்று பேராக வந்து சேர்ந்தான்.

கருங்கல்லில் ஒருவன், வெண்கலத்தில் ஒருவன், சிமென்டில் ஒருவன். அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பட்டறையில் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். பெருவெள்ளத்தில் தனியாளாகத் தோணி விட்டு நாற்பது பேரைக் கரைசேர்த்தவன். தோணி கவிழ்ந்த பிறகும் நீந்திப் போய், கடைசியாக ஒரு பெண்குழந்தையைத் தூக்கி வந்தவன். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அவனைத் தெரியும். பாடப்புத்தகத்தில் அந்தக் குழந்தை பிழைத்துக்கொள்கிறது.

சனிக்கிழமை கண்காட்சி. ஒரே வீரன், மூன்று காலத்துச் சிற்பிகள்.

“இவன் தோணி விட்டவனா, தோணியையே தின்னவனா?” என்று வெண்கலத்தின் மார்பைத் தட்டினார் ஒட்டுக்காரர். உடைந்த சிலைகளை ஒட்டுவது அவர் தொழில்.

“துறைமுக ஆபீஸ் வாசல்ல நின்னவன், அண்ணே. சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்,” என்றான் தாங்கி.

சிலைகளின் அடியிலும் முதுகிலும், பார்ப்பவர் கண்ணில் படாமல், இரும்பில் தாங்கி செய்து பொருத்துவது அவன் வேலை. இருபது வருஷமாக அவனையே தாங்கி என்று கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

“இவரைப் பாரு,” என்று ஒட்டுக்காரர் சிமென்டுக்காரனிடம் போனார். “நாப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல புகையைக் குடிச்சும் பல்லைக் காட்டிட்டு நிக்கறாரு. பொண்ணு டிக்கெட் எடுக்காம தோள்ல ஏறிடுச்சு.”

“சின்னப் புள்ளைக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு?” என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

தாங்கியின் மனைவி. அவளுக்கும் அங்கேதான் வேலை. சிலைகளைக் கிடத்த மெத்தை தைப்பாள், முட்டுக் கொடுக்க மணல்பை தைப்பாள். சிரித்துக்கொண்டே மெஷினை மிதித்தாள்.

தாங்கி சிலையின் முகத்தைப் பார்ப்பதில்லை. எடை எங்கே விழுகிறது என்றுதான் பார்ப்பான். சிமென்டில் குழந்தை தோளில் உட்கார்ந்து கையை ஆட்டியது. அவன் அதைச் சுமப்பதாகவே தெரியவில்லை. வெண்கலம் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது. அதில் குழந்தை மார்போடு ஒட்டி, இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டியிருந்தது. கருங்கல்லுக்கு அறுநூறு வயது இருக்கும் என்றார்கள். அதில் குழந்தை அவன் கைகளில் குறுக்கே கிடந்தது. காலம் போகப் போகக் குழந்தை மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

பிடித்துக்கொள்ளும் குழந்தை பாதி எடைதான். தூக்கியவர்களுக்குத் தெரியும். கருங்கல் தோணிக்காரன் முழு எடையையும் சுமந்தான். முதுகு பின்னால் சாய்ந்திருந்தது. வலது முழங்கால் மடங்கியிருந்தது. இடது கை குழந்தையின் முழங்காலுக்கு அடியில். வலது கை தலைக்குப் பின்னால், ஐந்து விரலும் விரிந்து.

தாங்கி அளவு நாடாவோடு அந்த விரல்களுக்கு முன்னால் குனிந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

பிறந்த குழந்தையைத்தான் அப்படிப் பிடிப்பார்கள். இந்தக் கல்லில் இருப்பவளுக்கு ஆறு ஏழு வயது இருக்கும். ஆறு வயதுக்காரி தலையைத் தானே பிடித்துக்கொள்வாள்.

குழந்தையின் வலது கை தோளோடு உடைந்து போயிருந்தது. அவன் நேராகக் கீழே பார்த்தான். தோணிக்காரனின் தொடையில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு சொரசொரப்பு. மெல்லிய கை உடையாமல் இருக்க, இடையில் ஒரு துண்டுக் கல்லைச் செதுக்காமல் விட்டு உடம்போடு சேர்த்து வைப்பது பழைய சிற்பிகளின் வழக்கம். பாலம் என்பார்கள். கை போனபோது பாலமும் போயிருக்கிறது. தழும்பு மிச்சம்.

அவன் அளவு எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

தாங்கிக்கும் அவன் மனைவிக்கும் ஒரு மகள் இருந்தாள். ஆறு வயது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பாதி கட்டிய ஒரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டாள். தாங்கிதான் இறங்கித் தூக்கினான். மூன்று தெரு தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மனைவி வேலையிலிருந்து வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. வந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நீங்க தூக்கும்போது உயிர் இருந்துச்சா? அவன், இருந்துச்சு என்றான்.

அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடி கேட்டாள். மூச்சு விட்டாள் என்றான். அதற்கடுத்த வருஷம், வழியில் ஒரு தரம் அம்மா என்று கூப்பிட்டாள் என்றான். நான்காம் வருஷம், சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்றும் சொல்லிவிட்டான். சொல்ல வேண்டும் என்று எதையும் யோசித்து வைத்ததில்லை. கேட்கிற முகத்தைப் பார்த்ததும் வாய் சொல்லிவிடும். அந்தச் சட்டையை அவள் துவைக்காமல் பெட்டியில் வைத்திருந்தாள்.

மேடம் பதினோரு மணிக்கு வந்தார். கண்காட்சிப் பொறுப்பு அவருடையது. இங்கே மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

ஒட்டுக்காரர் வெண்கலக் குழந்தையின் கையைப் பார்த்து, கருங்கல்லின் அளவுக்குப் பிளாஸ்டரில் ஒரு கை செய்து வைத்திருந்தார். கழுத்தைக் கட்டும் கை. கறுப்புச் சாயமும் பூசியாயிற்று. தோளில் ஒரு துளை போட்டுக் கம்பி இறக்கினால் நிற்கும்.

“மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஜனங்க ஒப்பிட்டுப் பாக்கணும்,” என்றார் மேடம். “ஒண்ணுல மட்டும் கை இல்லன்னா, எல்லாரும் அதையே பாத்துட்டுப் போயிடுவாங்க.”

“மேடம், இந்தக் கை மேல போகல,” என்றான் தாங்கி. தொடைத் தழும்பைக் காட்டினான்.

“அது கல்லு பொரிஞ்ச இடம்யா,” என்றார் ஒட்டுக்காரர். “ஆத்துல கெடந்த சாமானம். உடம்பெல்லாம் காயம்தான்.”

மேடம் பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தார். “பாலம் மாதிரிதான் இருக்கு. அப்ப கை கீழ தொங்குது. ஏன் தொங்கணும்?”

ஜன்னலோரத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கி அந்தப் பக்கம் பார்த்தான். அவள் மெத்தையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“தூங்குதோ என்னவோ,” என்றான்.

“வெள்ளத்துலயா? குடுத்து வெச்ச தூக்கம்யா அது,” என்றார் ஒட்டுக்காரர்.

மேடம் சிரிக்கவில்லை. “தூங்கற குழந்தை கழுத்தைக் கட்டிட்டும் தூங்கும். தழும்பு ஒண்ணை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண முடியாது, தாங்கி. வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. இல்லன்னா மாட்டிடலாம்.”

விரிந்த விரல்கள் அவன் கண்ணுக்கு நேராக இருந்தன.

“வேற ஒண்ணும் இல்ல, மேடம்.”

ஒட்டுக்காரர் உடைந்த தோளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். துளை போடும் மெஷினை மேஜையிலிருந்து எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்தார். ஊசி கல்லைத் தொட்டது. ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்து குழந்தையின் வயிற்றில் விழுந்தது.

“நிறுத்துங்கண்ணே.”

“என்னய்யா?”

“அதுக்கு உயிர் இல்ல.”

“எதுக்கு?”

“குழந்தைக்கு. அவன் தூக்கிட்டு வரும்போதே உயிர் இல்ல. விரலைப் பாருங்க. தலை நிக்காதுன்னு தாங்கிப் பிடிச்சிருக்கான். பாதம் ரெண்டும் வெளிய சாயுது. கை தொங்கத்தான் செய்யும். எத்தனை தடவ எடுத்து மேல வெச்சாலும் நழுவிடும்.”

மேடம் எழுந்து நின்றார். “எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?”

“தூக்கியிருக்கேன்.”

தையல் மெஷின் நின்றது.

ஒட்டுக்காரர் கையிலிருந்ததை அணைத்து மேஜையில் வைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும், மகளின் காரியத்துக்கு வந்திருந்தவர். மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். துளை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் போனார்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மதியம் படிக்கட்டுக்கு அடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். தினமும் உட்காருகிற இடம். அவள் அவனுடைய டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தாள். தன்னுடையதைத் திறக்கவில்லை.

“காலரைப் பிடிச்சதாச் சொன்னீங்களே,” என்றாள்.

“இல்ல.”

“மூச்சு?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

“தொட்டியிலேயே போயிட்டாளா?”

“தொட்டியிலேயே.”

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“அப்ப அம்மான்னு சொன்னது யாரு?”

“நான்தான். கத்திட்டே ஓடுனேன்.”

மேலே யாரோ படியிறங்கிப் போனார்கள். செருப்புச் சத்தம் தேய்ந்தது.

“அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் நான் தினம் காலைல எந்திரிச்சேன்,” என்றாள்.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?”

அவன் டப்பாவை மூடப் போனான்.

“சாப்பிடுங்க. ஆறிடும்,” என்று எழுந்து போனாள்.

பிற்பகலில் மேடம் ஒரு காகிதத்தோடு வந்து தாங்கியிடம் நீட்டினார். கருங்கல்லுக்கான குறிப்பு. குழந்தையின் வலது கை கிடைக்கவில்லை. அது கீழே தொங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தார். அவன் படித்துத் திருப்பிக் கொடுத்தான். ஒட்டுக்காரர் பிளாஸ்டர் கையைப் பழைய பேப்பரில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். ஜன்னலோரத்தில் மெத்தை தைத்து முடிந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தார்கள். அவள் முன்னால் நடந்தாள். பஸ் நிறுத்தம் வந்தது, அவள் நிற்கவில்லை. அவன் நான்கடி பின்னால் போனான். இரண்டு பஸ்கள் அவர்களைத் தாண்டிப் போயின. அரை மணி நேரம் நடந்த பிறகுதான் எங்கே போகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

அந்தக் கட்டடம் கட்டி முடிந்து, குடிவந்து, வெளிச்சுவரில் சாயம் வெளுத்திருந்தது. மூன்றாம் மாடியில் துணி காய்ந்தது. தொட்டி இருந்த இடத்தில் கார் நின்றது.

“முன்னால போங்க,” என்றாள். “எந்த வழியா ஓடுனீங்க?”

அவன் முன்னால் போனான். முதல் தெருவில் இரும்புக் கதவு இறக்கிய கடைகள். இரண்டாம் தெரு குறுகல். எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்க வேண்டும்.

“இங்க யாரும் நிக்கலையா?”

“ஒரு ஆள் வழி விட்டாரு.”

“இங்க என்ன பண்ணுனீங்க?”

“தலை சாஞ்சுது. நிமித்திப் பிடிச்சேன்.”

“அவ எதுவும்...”

“இல்லம்மா.”

மூன்றாம் தெருவைத் தாண்டினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வாசலில் ஒருவர் பைக்கை ஓரம்கட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

“யார்கிட்ட குடுத்தீங்க?”

“ஒரு நர்ஸ். கொஞ்சம் வயசானவங்க. இந்தப் படியில நின்னாங்க.”

“எப்படிக் குடுத்தீங்க?”

அவன் கைகள் இரண்டையும் முன்னால் நீட்டினான். இடது கை தாழ்ந்தும் வலது கை சற்று உயர்ந்தும் நின்றன. வலது கையின் விரல்கள் விரிந்திருந்தன. முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பழப்பையோடு வந்த ஒரு அம்மாள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் வந்தவர் நின்று பார்த்தார்.

“இறக்குங்க,” என்றாள் அவள். “எல்லாரும் பாக்கறாங்க.”