திங்கட்கிழமை கடிப்பவள்

ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன். கடுங்காப்பி போட்டேன். தமிழ்வாணியை எழுப்பிப் பல் தேய்க்க வைத்துத் தலை சீவினேன். எனக்கு ஒற்றைப் பின்னல்தான் வரும். அவள் அம்மா முத்துமீனா இருந்தவரை இரட்டை. அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போன வருடத்துச் சீருடை பிள்ளைக்கு இன்னும் சரியாக இருந்தது. நல்ல துணி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பள்ளியிலிருந்து போன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் மறுபடியும் கடித்துவிட்டாள்.

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் சொல்லிவிட்டுப் போனேன். தலைமையாசிரியை பத்மாசினியின் அறையில் ஆட்டோ ஓட்டும் விருமாண்டி உட்கார்ந்திருந்தார். கடிபட்டது அவர் மகன். தோளைத் திறந்து காட்டிக்கொண்டு பெருமையாக நின்றான்.

"மாப்ள, பாரு. மேல ஆறு பல்லு, கீழ அஞ்சு. ஒண்ணு விழுந்திருச்சோ?" என்றார் விருமாண்டி என்னிடம்.

"ஆமாண்ணே. வெள்ளிக்கிழம விழுந்துச்சு."

"அதான பாத்தேன்."

பத்மாசினி ஒரு நோட்டைத் திறந்தார். கடிபட்டவர்கள் பட்டியல். பதினோரு பேர். எட்டாவது ஆள் பி.டி. மாஸ்டர்.

"பூச்சி மாத்திர குடுத்துப் பாருங்க டீச்சர்," என்றார் விருமாண்டி.

"குடுத்தாச்சு. குடுத்த நர்ஸையும் கடிச்சிட்டா." என்னைப் பார்த்தார். "சூர்யபிரகாஷ், பெத்தவங்கல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இன்னொரு தடவ கடிச்சா நீங்க வேற ஸ்கூல்தான் பாக்கணும்."

பக்கத்தில் இருக்கும் வேறு பள்ளி தனியார் பள்ளி. அங்கே சாப்பாடு போட மாட்டார்கள்.

காலை உணவு சமைக்கும் தங்கப்பொண்ணு கழுவிய வாளியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தேதியப் பாருங்க டீச்சர். அம்புட்டும் திங்கக்கெழம. பொங்க லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு மட்டும் மூணு பேரு. எல்லாம் நான் வாளியத் தூக்கிட்டு வாரதுக்கு முன்னாடி, வரிசையில நிக்கும்போது. உப்புமா உள்ள போயிருச்சுன்னா பிள்ள பூனைக்குட்டி."

பத்மாசினி விரலை வைத்துத் தேதிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சனி ஞாயிறு வீட்டுல என்ன சாப்பிடுறீங்க?"

"டீ, பன்."

"அப்புறம்?"

யோசித்தேன். "பன்."

சனி, ஞாயிறு கடை கிடையாது. அன்றைக்குக் கூலியும் கிடையாது. ரேஷன் அரிசி இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். எனக்குப் பசிப்பது நின்று வெகுநாள் ஆயிற்று. அவளுக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

விருமாண்டி மகனின் தோளைத் திரும்பவும் பார்த்தார்.

"கடிச்சதோட விட்டாளே, முழுங்காம," என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஞாயித்துக்கெழம பிள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்கு வா மாப்ள," என்றார்.

"அதெல்லாம் சரிண்ணே," என்றார் பத்மாசினி. "மத்த பத்துப் பேருக்கு நான் பதில் சொல்லணுமே. இனிமே கடிக்க மாட்டேன்னு அவ வாயால சொல்லட்டும்."

தமிழ்வாணி வந்தாள். வாயோரத்துப் புண்ணில் உப்புமா ஒட்டியிருந்தது.

"சொல்லு பாப்பா. இனிமே யாரையும் கடிக்க மாட்டேன்னு சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சுவரில் தொங்கிய காலண்டரை வெகுநேரம் பார்த்தாள்.

"செவப்புத் தேதிக்கு மறுநாள் மட்டும் கடிச்சுக்கிறேன் டீச்சர்," என்றாள்.