பாவா கடை மோடம்

திருத்தணியில் தனக்கு முன்னால் யாரும் மோடம் வாங்கவில்லை என்பதில் டில்லிபாபுவுக்குப் பெருமை. ஆர்.கே.பேட்டை தறிக்காரர் வேதாசலம் கொண்டுவரும் புடவை பார்டர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, டெலிபோன் லைனில் சென்னை வியாபாரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அக்கா புருஷன் பிரேம்குமார் பாவா எதிர்வரிசையில் அதே மாதிரி கடை போட்டார். வேதாசலம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"உங்க பாவா கடையில டீ குடிச்சி முடிக்கிறதுக்குள்ள டிசைன் போயிடுதுங்க" என்று டில்லிபாபுவிடமே சொன்னார்.

இருவருடையதும் ஒரே கம்பெனி மோடம். பாவா லைன்மேனைக் கையில் போட்டுக்கொண்டு நல்ல லைன் வாங்கிவிட்டார் என்று டில்லிபாபு முடிவுகட்டினான்.

கிருத்திகையன்று பாவா மலைக்குப் போனார். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி டில்லிபாபு உட்கார்ந்தான். ரிசீவரை எடுத்தால் அவன் கடை லைனைப் போலவே கரகரப்பு. மோடம் செட்டிங்கைத் திறந்தான். ஒரே ஒரு வித்தியாசம்: ஃபைலை மோடமே சுருக்கி அனுப்பும் வசதியை பாவா அணைத்து வைத்திருந்தார். டிசைன் ஃபைலை ஜிப் செய்துதான் அனுப்புகிறார்கள். ஏற்கெனவே சுருக்கியதை மோடம் மறுபடி சுருக்கப் பார்த்தால் அது பெருத்துத்தான் போகும், போய்ச் சேர நேரமும் கூடும். இத்தனை நாள் இது தனக்கு உறைக்கவில்லை என்பதைவிட, பாவாவுக்கு உறைத்ததுதான் அவனைச் சுட்டது.

பக்கத்திலேயே பிழை திருத்தும் வசதி டிக் போட்டிருந்தது. லைன் கரகரப்பில் கெட்டுப்போகும் துண்டுகளை மோடமே திரும்பக் கேட்டு வாங்குவது அதனால்தான். அந்த டிக்கை எடுத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் பாவா அனுப்பிய ஃபைல் ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்தது. கடைசியில் ஃப்ளாப்பியோடு அவரே வந்தார்.

"என்னான்னே தெரியல மச்சான், அறுந்துகினே இருக்குது. நீ கொஞ்சம் அனுப்பிடு."

டில்லிபாபு தன் மோடத்தில் சுருக்கும் வசதியை முந்தின நாளே அணைத்திருந்தான். ஃபைல் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. இனி டில்லியிடமே கொடுங்கள், அவனுக்குத்தான் இதெல்லாம் கைவந்தது என்று வேதாசலத்திடம் பாவா மனசாரச் சொன்னார். ஆசைப்பட்டது கிடைத்தும், அவருக்கு இதில் துளி பொறாமைகூட வரவில்லையே என்று டில்லிபாபுவுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் ரிப்பேர் பார்ப்பதாகச் சொல்லி அங்கே போனான். கடையில் அக்கா புஷ்பலதா மட்டும் இருந்தாள்.

"நேத்து வாசப்படிகிட்ட வந்தப்ப நீ அதுல என்னமோ நோண்டிகினு இருந்தத பாத்தேன்டா" என்றாள். "அவருகிட்ட சொல்லல. சரி பண்ணிட்டுப் போ."

அவன் டிக்கைத் திரும்பப் போட்டான். ஒரு ஃபைலை அனுப்பிப் பார்த்தான், அறுபடாமல் போனது. அக்கா கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சாலையைக் கடந்தான்.

அடுத்த வாரம் வேதாசலம் டிசைனோடு வந்தபோது, பாவா கடைக்கே போகச் சொல்லி அனுப்பினான். அவர் படியேறி உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். வயிறு எரியத்தான் செய்தது.